வீட்டில் படுக்கையில் இருந்தவர் இறந்தபின் மிஞ்சும் மருந்துகளை என்ன செய்வது? முழுமையான வழிகாட்டி

அப்பா போன மூன்றாம் நாள். வந்த கூட்டம் குறைந்து, வீட்டுக்காரர்கள் மட்டும் இருந்தோம். சித்தப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்: "அண்ணனுக்குக் கொடுத்த அந்த வலி மாத்திரை மிச்சம் கிடக்கா மதினி?" அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அது மார்ஃபின், 10 மில்லிகிராம். அண்ணனுக்குக் கேட்ட மாத்திரை தம்பிக்கும் கேட்கும் என்ற கணக்கு. சித்தப்பா ராத்திரி இரண்டு மாத்திரை போட்டுவிட்டுப் படுத்தார். காலையில் எவ்வளவு உலுக்கியும் சரியாகக் கண் திறக்கவில்லை. மூச்சு மிக மெதுவாக வந்துகொண்டிருந்தது. 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார்.

அம்மா அதற்காக இன்றும் தன்னைத்தான் திட்டிக்கொள்கிறார். ஆனால் அவர் மேல் தப்பு இல்லை. அந்த மாத்திரையை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று நான்கு மாதமாக எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆள் போன பிறகு அதை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் வீட்டுப் பராமரிப்புக் குழுவோடு தன்னார்வலராகப் போக ஆரம்பித்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் இதைச் சொல்லாமல் நான் திரும்புவதில்லை. அதையே இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபின், நோய் ஆதரவு சிகிச்சைக்காக, அதாவது குணமாக்க முடியாத நோயில் வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சைக்காக, வீட்டுக்கே செவிலியர் வருவது கிராமங்களிலும் பழகிய காட்சி ஆகிவிட்டது. தொண்டு நிறுவனங்களின் குழுக்களும் வருகின்றன. புற்றுநோயாளிகளில் நிறையப் பேர் கடைசி நாள்களைச் சொந்தக் கட்டிலில், சொந்தக்காரர்கள் நடுவே கழிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் பூட்டிய அலமாரியில் இருக்கும் மருந்துகள் இப்போது நம் வீட்டு ஜன்னல் திண்டில் இருக்கின்றன.

மருந்து ஏன் மிஞ்சியது?

வேலையைத் தொடங்குமுன் இதைச் சொல்லிவிடுகிறேன். முழு அட்டையாக மாத்திரை மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்தவுடன், "ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ" என்று மனசு அடித்துக்கொள்ளும். நிறைய வீடுகளில் இதைக் கேட்டிருக்கிறேன். கடைசி நாள்களில் விழுங்கும் சக்தி போய்விடும். அப்போது செவிலியர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தோலுக்கடியில் போடும் ஊசிக்கு மாற்றுவார்கள், அல்லது தோல்மேல் ஒட்டும் பேட்ச் தருவார்கள். மாத்திரை அப்படியே நின்றுவிடும். மருந்து மிஞ்சுவது உங்கள் கவனக்குறைவுக்கு அடையாளம் இல்லை. அவர் உடம்பு அதற்கு மேல் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

இறந்த அன்றே செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள்

மற்ற எல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். இந்த இரண்டும் பொறுக்காது.

முதலாவது, உடம்பில் ஒட்டியிருக்கும் வலி பேட்ச். ஃபென்டனில் பேட்ச் பார்ப்பதற்கு மெல்லிய பிளாஸ்திரி மாதிரி இருக்கும். நெஞ்சிலோ முதுகிலோ மேல்கையிலோ ஒட்டியிருப்பார்கள். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். மூன்று நாள் ஒட்டிக் கழற்றிய பேட்ச்சிலும் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மருந்து மிச்சம் இருக்கும். தரையில் விழுந்த பேட்ச்சைக் குழந்தை எடுத்து வாயில் வைத்தோ, மேலில் ஒட்டிக்கொண்டோ இறந்த சம்பவங்கள் அமெரிக்காவில் பதிவாகி, அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. நம் வீடுகளில் உடம்பைக் குளிப்பாட்டும்போது நாலு பேர் கை வைப்பார்கள், சுற்றிலும் பிள்ளைகள் நிற்பார்கள். தண்ணீர் பட்டுப் பேட்ச் கழன்று முற்றத்தில் போனால் யாருக்கும் தெரியாது. எனவே குளிப்பாட்டும் முன்பே அதை எடுத்துவிடுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரியுங்கள். பசைப் பக்கம் உள்ளே போகும்படி பாதியாக மடித்து, ஒன்றோடொன்று நன்றாக ஒட்டும்படி அழுத்துங்கள். பிறகு உடனே கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். கழிப்பறை வசதி இல்லையென்றால், மடித்த பேட்ச்சை மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்துச் செவிலியரிடம் கொடுங்கள். கடைசியில் வெறும் தண்ணீரால் கையை நன்றாகக் கழுவுங்கள். புப்ரெனார்ஃபின் பேட்ச் ஏழு நாளைக்கு ஒருமுறை மாற்றுவது, அதற்கும் இதே முறைதான். எத்தனை பேட்ச் ஒட்டியிருக்கிறது என்று தெரியாவிட்டால் முதுகையும் திருப்பிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருப்பது உண்டு.

இதற்கு ஒரு விதிவிலக்கு. இறப்பில் ஏதேனும் ஐயம் இருந்தாலோ, போலீஸ் விசாரணைக்கு வாய்ப்பு இருந்தாலோ, டாக்டர் சொல்லும்வரை உடம்பிலிருந்தும் அறையிலிருந்தும் எதையும் எடுக்காதீர்கள்.

இரண்டாவது, எல்லா மருந்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து பூட்டுவது. துக்க வீட்டில் கதவு திறந்தே கிடக்கும். யார் வருகிறார், யார் உள்ளறைக்குள் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. மாத்திரை டப்பா மட்டும் போதாது. தலையணைக்கு அடியில், சாமி அலமாரியில், ஃபிரிட்ஜ் கதவில், இரவில் பார்த்துக்கொண்ட பிள்ளையின் பையில், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன ஃபைலுக்குள் என்று எல்லா இடத்திலும் தேடுங்கள். ஒரு பையில் சேர்த்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை ஒருவரே வைத்துக்கொள்ளுங்கள். மருமகனோ பெரிய மகளோ, அழுகையின் நடுவிலும் கொஞ்சம் நிதானமாக இருக்கக்கூடிய ஒருவர்.

எண்ணி எழுதிப் பிரிப்பது

காரியம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, இரண்டு பேராக உட்கார்ந்து பையைப் பிரியுங்கள். இரண்டு பேர் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் "அந்த மாத்திரையெல்லாம் என்ன ஆச்சு" என்று யாராவது கேட்டால், சொல்வதற்குச் சாட்சி வேண்டும். மருந்தின் பெயர், அளவு, எத்தனை மிச்சம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அட்டையைப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போதே குவியல் குவியலாகப் பிரித்துவிடலாம். வலுவான வலி மருந்துகளும் தூக்க மருந்துகளும் ஒரு பக்கம். மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், புப்ரெனார்ஃபின், டிரமடால், டேபெண்டடால், டயஸிபாம், லோராசிபாம், மிடாசோலம் எல்லாம் இதில் வரும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ மாத்திரைகள் தனி. ஊசி, சிரிஞ்ச் தனி. மற்றவை ஒரு பக்கம். எந்தப் பக்கம் வைப்பது என்று புரியாத மருந்தை முதல் குவியலிலேயே வையுங்கள்.

டேபெண்டடால், டிரமடால் இரண்டையும் சாதாரண வலி மாத்திரை என்று நினைத்து அலட்சியமாக விடுகிறார்கள். வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காகப் பயன்படுத்திய இளைஞர்கள், கடத்தி விற்றவர்கள் என்று தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறதே, அதில் பெரும்பாலும் அடிபடுவது டேபெண்டடால்தான். மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டு இறந்தவர்களும் உண்டு. உங்கள் வீட்டுக் குப்பையில் கிடக்கும் ஓர் அட்டை எங்கே போகும் என்று உங்களால் சொல்ல முடியாது.

வலுவான மருந்துகள்: முதல் வழி திருப்பிக் கொடுப்பது

மார்ஃபின் எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை என்பது நோயாளிக்காக அலைந்த எல்லோருக்கும் தெரியும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் அவ்வளவு கெடுபிடியாக இருந்தது. வலியில் துடிப்பவர்களுக்குக்கூட மருந்து கிடைக்காமல் போன காலம் அது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று ஒரு வகையை உண்டாக்கினார்கள். மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அதில் வந்தன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இவற்றை வாங்கி, கணக்கு வைத்து, நோயாளிக்குக் கொடுக்கலாம். இந்த வழியைத் திறக்க எத்தனையோ டாக்டர்கள் பல வருஷம் போராடினார்கள். வெளியே கொடுத்த மாத்திரை தவறான கைக்குப் போகிறது என்ற பேச்சு வந்தால், அடுத்த நோயாளிக்கு மறுபடியும் கதவு சாத்தப்படும். மிச்சத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கெஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே வாங்கினீர்களோ அங்கேயே கொடுப்பதுதான் சரி. வீட்டுக்கு வந்த செவிலியருக்குப் போன் செய்து, "மார்ஃபின் இத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது, எப்படிக் கொடுப்பது" என்று கேளுங்கள். சில குழுக்கள் துக்கம் விசாரிக்க ஒருமுறை வருவார்கள், அப்போது வாங்கிக்கொள்வார்கள். நீங்களே போவதானால் மருந்தை அதன் அட்டையிலேயே, நோயாளியின் சீட்டோடு கொண்டுபோங்கள். எதிரிலேயே எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய தாளில் வாங்கியவரிடம் ஒரு கையெழுத்துக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பணம் கொடுத்து வாங்கிய மாத்திரை வீணாகிறதே, பக்கத்துத் தெருவில் அதே நோயோடு படுத்திருப்பவருக்குக் கொடுத்தால் புண்ணியம்தானே என்று கேட்பார்கள். அந்த மனசு பெரியது. ஆனால் வேண்டாம். மார்ஃபின் அளவை ஒவ்வொரு உடம்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கண்டுபிடிப்பார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டுப் பழகியவருக்குச் சாதாரணமான அளவு, முதல்முறை சாப்பிடுபவரின் மூச்சை நிறுத்திவிடும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். தவிர, உரிய சீட்டு இல்லாமல் இன்னொருவர் கைக்கு மாற்றுவது சட்டப்படியும் குற்றம். அவருக்கு உதவ நினைத்தால், உங்கள் வீட்டுக்கு வந்த குழுவின் போன் நம்பரைக் கொடுங்கள்.

திருப்பிக் கொடுக்க வழியே இல்லையென்றால்

வாங்கிய இடம் வெகுதூரம், வாங்கிக்கொள்ள மறுக்கிறார்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படியானால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றலாம். ஆனால் எல்லா மருந்தையும் அல்ல.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. 17 மருந்துகளின் பட்டியலைக் கொடுத்து, இவற்றை மட்டும் கழிப்பறை வழியே வெளியேற்றலாம் என்கிறது. நம் வீடுகளில் காணக்கூடியவை அந்தப் பட்டியலில் மார்ஃபின், ஃபென்டனில், புப்ரெனார்ஃபின், மெத்தடோன், டிரமடால், டேபெண்டடால், டயஸிபாம், ஆக்சிகோடோன். தண்ணீர் கெடாதா என்று கேட்பது நியாயம். கெடும்தான். ஆனால் தவறான ஆள் ஒரே ஒருமுறை விழுங்கினாலும் உயிர் போகக்கூடிய மருந்துகள் இவை. வீட்டில் வைத்திருக்கும் ஆபத்து அதைவிடப் பெரிது என்று எடைபோட்டுத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துப் போடுங்கள், பொடிக்க வேண்டாம். டானிக்காக இருந்தால் கழிப்பறையிலேயே ஊற்றுங்கள், பாத்திரம் கழுவும் தொட்டியில் வேண்டாம். தாளில் தேதியும் எண்ணிக்கையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். லோராசிபாம், மிடாசோலம், கோடீன் போன்றவை அந்தப் பட்டியலில் இல்லை. எனவே அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்வரை பூட்டியே வையுங்கள்.

மற்ற மாத்திரைகள்

வாந்தி நிற்க, மலம் இளக, நெஞ்செரிச்சலுக்கு, பிரஷருக்கு, சர்க்கரைக்கு என்று கொடுத்தவைதான் எண்ணிக்கையில் அதிகம். டெக்சாமெத்தசோன், ஒண்டான்செட்ரான், கபாபென்டின், பாராசிட்டமால் எல்லாம் இதில் அடங்கும். திறக்காத, காலாவதி ஆகாத முழு அட்டைகளைப் பில்லோடு கொண்டுபோனால் சில மருந்துக்கடைகள் வாங்கிக்கொள்ளும். சில நோய் ஆதரவு மையங்களும் டாக்டர் பார்த்துச் சரி என்றால் எடுத்துக்கொள்கின்றன. முதலில் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். இன்சுலின் மாதிரி ஃபிரிட்ஜில் வைத்த மருந்தையும், பிரித்த பாட்டிலையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

யாரும் வாங்காதவற்றைக் குப்பைக்கு அனுப்பலாம், ஆனால் அட்டையாக அப்படியே வீசக் கூடாது. மாத்திரைகளை உரித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் ஈர மண்ணோடோ, காபி வடிகட்டிய சக்கையோடோ, சாணியோடோ கலந்துவிடுங்கள். யாரும் எடுத்துத் தின்னவோ விற்கவோ முடியாதபடி ஆக்குவதுதான் நோக்கம். பையைக் கட்டி, வேறு குப்பையோடு சேர்க்காமல் தனியாக, "காலாவதி மருந்து" என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே காலாவதி மருந்தையும் ஊசியையும் வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்திருக்கின்றன. அதைத் தனியாகச் சேகரிப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. உங்கள் வார்டு அலுவலகத்தில் எங்கே கொடுப்பது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பக்கத்தில் கேரளத்தில், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 பிப்ரவரியில் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் வீட்டில் மிஞ்சிய மருந்துகளைச் சேகரிக்கத் தொடங்கியது. இங்கேயும் ஊருக்கு ஊர் அப்படி ஒன்று வர வேண்டும் என்று உண்மையிலேயே ஏங்குகிறேன்.

மெட்ரோநிடசோல் மாத்திரை கட்டுக்கட்டாக இருப்பதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். புண்ணின் வாடை போக அதைப் பொடித்துத் தூவச் சொல்லியிருப்பார்கள். அது ஆன்டிபயாடிக். கழிப்பறையிலோ சாக்கடையிலோ கொட்டினால், மருந்துக்கு மசியாத கிருமிகளை நாமே வளர்த்துவிடுவோம்.

கீமோ மாத்திரைகள்

கேப்சைட்டபின், இமாட்டினிப், மெத்தோட்ரெக்சேட், டெமோசோலமைடு போன்றவை வீட்டில் மிஞ்சும். செல்களைக் கொல்வதற்கென்றே செய்த மருந்துகள் இவை. வெறும் கையால் தொடாதீர்கள். உடைக்காதீர்கள், கரைக்காதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். குப்பையிலும் போடக் கூடாது, கழிப்பறையிலும் போடக் கூடாது. இரட்டைப் பையில் கட்டி, எழுதிக் கொடுத்த புற்றுநோய் மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள். அவர்களுக்கு இதற்கென்று தனி மஞ்சள் பை உண்டு, அது எரிஉலைக்குப் போகும்.

ஊசிகள்

இதில் அடிபடுவது நாம் இல்லை, வெறும் கையால் குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர். தோலுக்கடியில் சொருகிய பட்டர்ஃபிளை ஊசி, இன்சுலின் ஊசி, உடைத்த மருந்துக் குப்பி எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். துணி சோப்புத் திரவம் வந்த கேன் நல்லது. ஊசிக்குத் திரும்ப மூடி மாட்ட முயலாதீர்கள், அப்போதுதான் கையில் குத்தும். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி, டேப் சுற்றி, "ஊசி" என்று பெரிதாக எழுதி, செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுக் கொடுங்கள். சிறுநீர்க் குழாயையும் மூக்குக் குழாயையும் செவிலியர் வந்து எடுப்பதே நல்லது.

இன்ஹேலரைக் குத்தவோ நெருப்பில் போடவோ கூடாது, வெடிக்கும். ஆக்சிஜன் சிலிண்டரை அடுப்பங்கரையிலிருந்து தள்ளி வைத்து, வாடகைக்குக் கொடுத்தவரை அன்றே வரச் சொல்லுங்கள்.

நம் ஊர்ப் பழக்கங்களில் மூன்று

இறந்தவர் பயன்படுத்தியதை வீட்டில் வைக்கக் கூடாது என்று மெத்தை, துணியோடு மருந்துப் பையையும் ஆற்றில் விடுகிறார்கள். பாபநாசத்தில் தாமிரபரணிக்குள் கிடக்கும் துணிகளை அள்ளி மாளவில்லை. அதே தண்ணீரைத்தான் கீழே பல ஊர்கள் குடிக்கின்றன. துணியையே விடக் கூடாது எனும்போது மருந்தை நிச்சயம் விடக் கூடாது.

இன்னும் சிலர் கொல்லையில் போட்டுக் கொளுத்துகிறார்கள். மருத்துவக் கழிவு எரிஉலையின் இரண்டாம் அறையில் 1,050 டிகிரி அளவுக்குச் சூடு இருக்க வேண்டும் என்பது விதி. சருகு நெருப்பில் அந்தச் சூடு வராது. பிளாஸ்டிக் அட்டையின் நச்சுப் புகையை நம் பிள்ளைகள்தான் சுவாசிப்பார்கள்.

மூன்றாவது, மாட்டுக்குக் கொடுப்பது. மாடு காலை நொண்டினால் வீட்டிலிருக்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். அந்த மாடு செத்தால், அதைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகும். இந்தியாவில் அவை அழிந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006-இலும், அசிக்ளோஃபெனாக் 2023-இலும் தடை செய்யப்பட்டன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கொஞ்சப் பறவைகளுக்காகவாவது இதைச் செய்யாதீர்கள்.

யாராவது சாப்பிட்டுவிட்டால்

எழுப்ப முடியாத தூக்கம், மெதுவான அல்லது விட்டுவிட்டு வரும் மூச்சு, ஊசிமுனை மாதிரி சுருங்கிய கண்மணி. இதில் எதைப் பார்த்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலில் பேட்ச் ஒட்டியிருந்தால் உடனே உரித்துவிட்டு அந்த இடத்தை வெறும் தண்ணீரால் கழுவுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்து அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். சித்தப்பாவைக் கொண்டுபோனபோது அம்மா அந்த அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். என்ன மருந்து என்று டாக்டருக்கு உடனே தெரிந்ததால்தான் அதை முறிக்கும் ஊசியை உடனே போட முடிந்தது.

காகிதங்கள்

மருந்து போனாலும் ஃபைல் போகக் கூடாது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்கு டாக்டரின் சான்று தேவைப்படும். காப்பீடு இருந்தால் பில்களும் வேண்டும். வெளியே போகும் பாட்டில், டப்பாக்களில் ஒட்டியிருக்கும் பெயரையும் விலாசத்தையும் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். மருந்துகளை எண்ணி எழுதிய அந்தத் தாளையும், திருப்பி வாங்கியவர் போட்ட கையெழுத்தோடு, ஃபைலிலேயே வைத்துவிடுங்கள்.